பழைய ஷட்டில் கூடத்தை இடிப்பதற்கு முன்

நாகர்கோவில் பக்கம் ஒரு பழைய கிளப். 1956க்கு முன், திருவிதாங்கூர் காலத்தில் கட்டிய ஷட்டில் கூடம். கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான சுவர், தேக்கு உத்திரம், மேலே ஓடு. "சுவர் முழுக்க ஈரம் சார், இடிச்சுட்டு தகர ஷெட் போட்டுடலாம்" என்றார் நிர்வாகி.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத்தான் நானும் ஏணியில் ஏறினேன். சில ஓடுகள் உடைந்திருந்தன, அவ்வளவுதான். கொத்தனார் பூச்சைத் தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிற்காலத்தில் யாரோ சுண்ணாம்பைக் கொத்தியெடுத்து, சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்டும் அடித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். பூச்சின் வழியே அதை வெளியேயும் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து சுவரை மாவாக உதிர்க்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. பத்மநாபபுரம் அரண்மனையும் இதே மழையில்தான் நிற்கிறது.

சிமெண்டை உரித்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். அவசரப்பட்டால் இது நடக்காது.

அப்புறம் மரத்தரை. பாம்புக்குப் பயந்து அடியிலிருந்த காற்றுத் துளைகளை அடைத்திருந்ததால் பலகை அடியில் உளுத்திருந்தது. துளைகளைத் திறந்து வலை அடித்தோம்; கெட்ட பலகைகளை மட்டும் ஆசாரி மாற்றினார். டைல்ஸ் போடச் சொன்னவர்களை நான் ஏற்கவில்லை. குதித்து ஆடும் பிள்ளைகளின் முழங்காலை அது பதம் பார்க்கும்.

காற்றுதான் பெரிய சிக்கல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடியில் வீசும் காற்றுக்கு 5 கிராம் ஷட்டில் காக் எம்மாத்திரம்? ஜன்னலை அடைத்தால் புழுக்கம். அதனால் கூரை முகட்டில் திறப்பு வைத்தோம். சூடான காற்று மேலே போய்விடும். ஆட்டக்காரர் எதிரே பார்க்கும் ஜன்னல்களுக்கு மட்டும் கண் கூசாமலிருக்கக் கதவு போட்டோம்.

பெண்களுக்கு உடைமாற்றும் அறை இல்லை என்பது நியாயமான குறை. அதைப் பழைய சுவரோடு ஒட்டவில்லை. புதுக் கட்டடத்தின் அடிமண் தனியாக அமுங்கும், ஒட்டினால் விரிசல் நிச்சயம். தனி அஸ்திவாரம், நடுவே சிறு இடைவெளி, மேலே மழைநீர் ஓடத் தகரப் பாத்தி. பக்கத்தில் இடித்த வீடுகளின் ஓடும் மரமுமே அதற்குப் போதுமாயின.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூடம் இருந்தால், இடிக்க மதிப்பீடு கேட்பதற்கு முன் சுவரின் அடியில் ஓரிடத்தில் பூச்சைத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே சுண்ணாம்பும் வெளியே சிமெண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.