துப்பறியும் வழக்கறிஞரை நம்பி வாய் திறக்காதீர்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வழக்குகளை நடத்தி வருகிறேன். ‘நான் எந்தத் தவறும் செய்யவில்லை, அதனால் போலீசாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்’ என்று தொடங்கும் தொலைபேசி அழைப்பு இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக வந்தபோது, இதை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். அழைத்தவர் மேற்படிப்புக்காக இங்கே வந்திருக்கும் தமிழ் மாணவர். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் நடந்த திருட்டைப் பற்றி விசாரித்தவர்களிடம் அவர் தனியாக இரண்டரை மணி நேரம் பேசியிருந்தார். என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உண்மையான திருடனை நான் எப்போது தேடத் தொடங்குவேன் என்பதுதான். இந்த நகரத்து வழக்கறிஞர் ஒருவரைக் கதாநாயகனாகக் கொண்ட துப்பறியும் நாவல் வரிசையை அவர் ஒன்று விடாமல் படித்திருந்தார்.

அத்தகைய நாவல்களை நானும் விரும்பிப் படிக்கிறேன். பழைய நகரப் பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் இரும்பு வேலைப்பாடு கொண்ட மாடங்களும், மார்டி கிரா திருவிழா ஊர்வலங்களும், கம்போ என்னும் ஆவி பறக்கும் குழம்பும் அவற்றில் உள்ளபடியே வருகின்றன. பகலில் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, இரவில் சந்து சந்தாக அலைந்து கொலையாளியைப் பிடிக்கும் வழக்கறிஞர் மட்டும் இந்த நகரத்தில் இல்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது, குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரின் வேலை அன்று. அரசுத் தரப்பு தன் குற்றச்சாட்டை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிட்டதா என்பதை ஒவ்வொரு சாட்சியிடமும், ஒவ்வொரு ஆவணத்திலும் சோதிப்பதே அவர் வேலை. இன்னும் சொன்னால், கதாநாயகர் செய்வதைப் போல நான் தனியே சென்று ஒரு சாட்சியிடம் பேசினால் அது என் கட்சிக்காரருக்கே கேடாக முடியலாம். அந்தச் சாட்சி பிறகு பேச்சை மாற்றினால், அவர் முதலில் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே கூண்டில் ஏற வேண்டியிருக்கும். சாட்சியாக வர வேண்டிய வழக்கறிஞர் அதே விசாரணையில் வாதாடுவதைத் தொழில்நெறி விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால்தான் எங்கள் தரப்புப் புலனாய்வாளர்களை அனுப்புகிறோம். அதோடு, பெரும்பாலான வழக்குகள், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரியின் முன்னால் வருவதே இல்லை. மாநில நீதிமன்றங்களில் விதிக்கப்படும் தண்டனைகளில் 94 விழுக்காடு குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் எடுத்துக்காட்டியது.

இந்த நகரத்தில் உண்மையாகவே நடந்த துப்பறிதலுக்கு ஜான் தாம்ப்ஸனின் வழக்கைச் சொல்வேன். கொள்ளை முயற்சி, கொலை ஆகிய இரண்டு வழக்குகளில் 1985இல் தண்டிக்கப்பட்டு, 18 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவற்றில் 14 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாகக் கழிந்தன. தண்டனையை நிறைவேற்ற நாள் குறித்திருந்த 1999இல், அவர் தரப்புப் புலனாய்வாளர் ஒருவர் பழைய பதிவுகளுக்குள் ஓர் ஆய்வக அறிக்கையைக் கண்டெடுத்தார். கொள்ளையரின் இரத்தம் பி வகை என்றது அது. தாம்ப்ஸனுடையது ஓ வகை. அரசுத் தரப்பு அந்த அறிக்கையை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவே இல்லை. 2003இல் நடந்த கொலை வழக்கின் மறுவிசாரணையில் ஜூரி அவரை விடுவித்தது. அவர் உயிரைக் காத்தது கோப்புக்குள் கிடந்த ஒரு தாள்.

மாணவரின் வழக்கிலும் ஒரு தாள் இருக்கிறது. அது அவருக்கு எதிரானது. அவருடைய வாக்குமூலப் பதிவின் 41ஆம் பக்கத்தில், ஒன்பதே கால் மணி வரை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்று சொல்கிறார். தெருமுனைக் கடையில் 8.40க்கு அவருடைய வங்கி அட்டை பயன்பட்டிருக்கிறது. பால் வாங்கப் போனதை மறந்துவிட்டார், அவ்வளவுதான்; ஆனால் அரசுத் தரப்பு அதைப் பொய் என்றே ஜூரியிடம் சொல்லும். பேசாமல் இருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று போலீசார் சொல்லும் மிராண்டா எச்சரிக்கை தமக்குச் சொல்லப்படவில்லையே என்று அவர் கேட்டார். அது காவலில் வைத்து விசாரிப்பவர்களுக்கு உரியது. இவரோ தாமாகவே சென்றார், விரும்பியபோது எழுந்து போகலாம் என்றும் சொல்லப்பட்டிருந்தது.

வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த நகரத்தில் விசாரிக்கப்பட்ட ஒருவர், தெருப் பேச்சில் நம்மூர் ‘மச்சான்’ போல ஒலிக்கும் ‘டாக்’ என்ற சொல்லைச் சேர்த்து, எனக்கு லாயரைக் கொடுங்கள் மச்சான் என்ற பொருளில் கேட்டார். ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் சொல்லும் அப்படியே ஒலிப்பதால், எழுத்தில் அது ‘லாயர் நாய்’ என்று பதிவாயிற்று. தாம் பிறகு சொன்னதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்ற அவர் மனுவை லூசியானா உச்ச நீதிமன்றம் 2017இல் ஏற்க மறுத்தது. அந்த முடிவோடு உடன்பட்ட நீதிபதி ஒருவர், அந்தக் கோரிக்கை தெளிவற்றது என்று தனியே எழுதினார். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே, ‘ஐ வாண்ட் எ லாயர், ஐ வில் நாட் ஆன்ஸர் கொஸ்டின்ஸ்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘ஒருவேளை’, ‘தேவைப்படுமோ’ என்று எதையும் முன்னால் சேர்க்காதீர்கள். சொன்ன பிறகு நீங்களாகவே மீண்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். சிறைத் தொலைபேசியில் வழக்கைப் பற்றி உறவினரிடம் பேச வேண்டாம், அந்த அழைப்புகள் பதிவாகின்றன. என்னைப் பார்க்க வரும்போது அண்ணனையோ நண்பரையோ அறைக்குள் அழைத்து வராதீர்கள். மூன்றாம் நபர் இருந்தால் நம் உரையாடலுக்குரிய இரகசியப் பாதுகாப்பு போய்விடக்கூடும். விசாவில் இருப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: சிறிய தண்டனைதானே என்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாடு கடத்தப்படும் அபாயம் பற்றி வழக்கறிஞர் உங்களுக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் பாடில்லா என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு விதித்திருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சாட்சிகளைத் தேடி மட்டும் போகவே போகாதீர்கள். அந்த மாணவர் நாவலில் படித்தபடியே தெருமுனைக் கடைக்கு மூன்று முறை சென்று, அன்று தம்மைப் பார்த்தது நினைவிருக்கிறதா என்று கடைக்காரரைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்று தமக்குக் கற்றுக்கொடுக்க வந்ததாகக் கடைக்காரர் போலீசாரிடம் சொல்லிவிட்டார். நாற்பது நாள் கழித்து எங்கள் புலனாய்வாளர் அங்கே போனபோது, 8.40க்கு இவர் வெறுங்கையுடன் நுழைந்ததைக் காட்டியிருக்க வேண்டிய கேமரா பதிவு அழிந்திருந்தது. முதல் நாளே அழைத்திருந்தால், அதைப் பாதுகாக்கக் கோரும் கடிதம் அன்று மாலையே அந்தக் கடைக்குப் போயிருக்கும்.