“எல்லாம் நாலு டிபிதானே அண்ணே?”

போன வியாழக்கிழமை நான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். திண்டுக்கல்லில் கல்யாண போட்டோகிராபர், வீட்டிலேயே எடிட்டிங் செய்கிறவர். கையில் துண்டில் சுற்றிய நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி. நான்கு ஹார்ட் டிஸ்க் போடுகிற ரகம், நான்கும் 4 டிபி, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து மீட்கிற மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும் முறை). ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு டிஸ்க் போய்விட்டது. மாற்று வாங்கிப் போட்டிருக்கிறார். கதை கெட்டது அங்கேதான்.

“என்ன டிஸ்க் வாங்குனீங்க தம்பி?”

“இருக்கறதுலயே சல்லிசா ஒண்ணு வாங்குனேன். எல்லாம் நாலு டிபிதானே அண்ணே? பழசுல கேஷ் வெறும் 64 எம்பி. இதுல 256 போட்டிருந்தான். விலையும் கம்மி, சரக்கும் ஒசத்தின்னு நெனச்சேன்.”

இந்த மாதத்தில் இதே வசனம் மூன்றாவது தடவை. அதனால்தான் கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மதுரையில் பதினேழு வருடமாக டேட்டா ரெக்கவரி செய்கிறேன். டிஸ்க் செத்ததற்கு நான் யாரையும் திட்டியதில்லை, அது என்றைக்காவது சாகத்தான் செய்யும். இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கப் போய், ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறார்களே, அப்போதுதான் வாய் நீள்கிறது.

4 டிபி என்கிற எண், டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்று மட்டும்தான் சொல்லும். எப்படி எழுதும் என்று சொல்லாது. எழுதுவதில் இரண்டு முறை உண்டு: சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். முன்னது பழைய முறை. தட்டில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக, பக்கத்துத் தடத்தைத் தொடாமல் இருக்கும். பின்னதில் ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின் மேல் ஏறிப் படுத்திருக்கும், ஓட்டுக் கூரை மாதிரி. அதே தட்டில் கூடுதல் தடங்கள் கொள்ளும், அதனால் விலை குறையும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கூரை நடுவில் ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் உருவி எடுக்க முடியாது. மேலே படிந்த ஓடுகளை நகர்த்தி, உடைந்ததை மாற்றி, திரும்ப வரிசையாக அடுக்கி வர வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கிலும் இதே பாடுதான். ஒரு தடத்தில் திருத்தி எழுத வேண்டுமானால் அதைத் தொட்டுப் படுத்திருக்கும் தடங்களையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு மறுபடி எழுத வேண்டும். இவ்வளவையும் உடனுக்குடன் செய்ய முடியாதென்பதால் டிஸ்க்குக்குள் திண்ணை மாதிரி ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறார்கள். வருகிற டேட்டா மூட்டையெல்லாம் முதலில் திண்ணையில் இறங்கும். டிஸ்க் சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றாக உள்ளே போகும். சாதாரண கம்ப்யூட்டரில் டிஸ்க் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது, அதனால் பத்து வருடம் ஓட்டினாலும் வித்தியாசம் தெரியாது. “என் பிசியில நல்லாத்தான் சார் ஓடிச்சு” என்று வருகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

ரெய்டில் போட்டவுடன் என்ன நடக்கும்? ரீபில்ட். செத்த டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு, புது டிஸ்க்கில் முதல் செக்டரிலிருந்து (டேட்டா எழுதும் சின்னக் கட்டம்) கடைசி செக்டர் வரை மூச்சுவிடாமல் எழுதும். மற்ற டிஸ்க்குக்கெல்லாம் பரீட்சை வருடக் கடைசியில் என்றால், மாற்று டிஸ்க்குக்கு வந்த முதல் நாளே முழுப் பரீட்சை. திண்ணை கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும், மூட்டை வருவதோ நிற்காது. நல்ல சி.எம்.ஆர். டிஸ்க் வினாடிக்கு 150 எம்பி எழுதினால் 4 டிபி ஏழரை மணி நேரத்தில் முடியும். பெட்டி பழசாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். வேகம் 20 எம்பிக்கு இறங்கினால் அதே வேலைக்கு ஐம்பத்தைந்து மணி நேரம். அத்தனை நேரமும் மற்ற மூன்று டிஸ்க்கும் ஓய்வில்லாமல் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மூன்றும் யார்? செத்த டிஸ்க்கோடு ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. அதே வயது, அதே வெயில், அதே கரண்ட் கட்டு.

தம்பியின் பெட்டி 31 சதவீதத்தில் இரண்டு நாள் நின்றிருக்கிறது. மூன்றாம் நாள் பழைய டிஸ்க் ஒன்றில் படிக்க முடியாத செக்டர்கள் வந்து அதுவும் கழன்றுகொண்டது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டைத் தாங்காது.

அப்புறம் அந்த 256 எம்பி கேஷ், அதாவது டேட்டாவைத் தட்டில் எழுதும் முன் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். 4 டிபி டிஸ்க்கில் பளிச்சென்று 256 போட்டிருந்தால் அது எஸ்.எம்.ஆரின் தடுமாற்றத்தை மறைக்க வைத்ததாகவும் இருக்கலாம். பழைய சி.எம்.ஆர். டிஸ்க்குகள் 64 எம்பியிலேயே ஒழுங்காக ஓடின. இன்றைய சி.எம்.ஆரிலும் 256 உண்டு. ஆகவே கேஷை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தயவுசெய்து அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது மாடல் எண். 2020 ஏப்ரலில் ஒரு கூத்து நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் சொல்லாமல் எஸ்.எம்.ஆரை வைத்திருந்தது வெளியே வந்தது. பெட்டியும் சிவப்பு லேபிளும் அப்படியே. மாடல் எண்ணின் வால் மட்டும் இ.எஃப்.ஆர்.எக்ஸ். என்பதிலிருந்து இ.எஃப்.ஏ.எக்ஸ். ஆகியிருந்தது. ஒரே எழுத்து! எதிர்ப்பு கிளம்பிய பிறகு வரிசையைப் பிரித்தார்கள்: ரெட் பிளஸ், ரெட் புரோ இரண்டும் சி.எம்.ஆர்., வெறும் ரெட் எஸ்.எம்.ஆர். (8 டிபியிலும் அதற்கு மேலும் அதே இ.எஃப்.ஏ.எக்ஸ். வால் இருந்தாலும் அது சி.எம்.ஆர்.தான். இப்படிக் குழப்பி வைத்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?)

சீகேட்டில் கொஞ்சம் சுலபம். எஸ்.டி. என்று தொடங்கி கொள்ளளவு எண் முடிந்ததும் வரும் இரண்டு எழுத்தைப் பாருங்கள். வி.என். என்றால் அயர்ன்வுல்ஃப், நாஸுக்கானது. டி.எம். என்றால் பராகுடா, டெஸ்க்டாப்புக்கானது. அதில் 2, 4, 8 டிபியில் எஸ்.எம்.ஆர். மாடல்கள் உண்டு. வி.எக்ஸ். என்றால் ஸ்கைஹாக், சிசிடிவிக்கானது. தோஷிபாவில் என்300 என்றால் போடலாம், பி300 என்றால் 4, 6 டிபியில் வேண்டாம். கடைக்காரர் சிசிடிவி டிஸ்க்கை எடுத்து நீட்டினால் அடிக்க வேண்டாம், அவசரத்துக்கு அது ஓடும். டெஸ்க்டாப் எஸ்.எம்.ஆரை விட எவ்வளவோ மேல்.

டெஸ்க்டாப் டிஸ்க்கில் இன்னொரு வம்பு. ஒரு செக்டர் படிக்க வரவில்லையென்றால் நாஸ் டிஸ்க் ஏழு வினாடி முயன்றுவிட்டு “முடியலை” என்று சொல்லிவிடும், பெட்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் பதிலே சொல்லாமல் முட்டிக்கொண்டிருக்கும். சில பெட்டிகள் அதைச் செத்ததாக எழுதித் தூக்கி வெளியே போட்டுவிடும்.

பட்ஜெட் இல்லை என்கிறீர்கள், சரி. இறக்குமதியான பழைய சர்வர் டிஸ்க் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், பழசு என்று சொல்லி விற்றால். 2025 தொடக்கத்தில், சர்வரில் ஓடித் தேய்ந்த சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளை ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) கணக்கைப் பூஜ்ஜியமாக்கிப் புதுசு என்று விற்றது ஜெர்மனியில் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்மார்டில் ஓடிய மணி நேரம் பூஜ்ஜியம். டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு, அதில் உண்மையான மணி நேரம் அப்படியே இருந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்கிற மென்பொருளில் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். சீகேட் டிஸ்க் பழசாக வாங்கினால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஸ்.ஏ.எஸ். என்கிற சர்வர் ரக டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி வருகிறவர்களும் உண்டு. வீட்டுப் பெட்டியில் இருப்பது சாட்டா என்கிற வேறு ரக சாக்கெட், அதில் அது நுழையவே நுழையாது. போர்ட்டபிள் டிஸ்க்கை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துப் போடலாம் என்கிற யோசனையையும் விட்டுவிடுங்கள். சிலவற்றில் சாட்டா கனெக்டரே இருக்காது, போர்டிலேயே யூஎஸ்பிதான்.

காசு கொடுக்கும் முன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். அயர்ன்வுல்ஃப், ரெட் பிளஸ் இரண்டுக்கும் மூன்று வருடம். அதற்கும் முன்னால், டிஸ்க் நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். ஸ்மார்டில் 199 என்ற எண்ணுள்ள கணக்கு (டேட்டா வந்து போகும் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் கோளாறு கேபிளிலோ சொருகியிருக்கும் இடத்திலோ இருக்கலாம். கழற்றித் துடைத்துச் செருகினால் தீர்ந்த கேஸ்கள் என்னிடம் உண்டு. 5, 197, 198 (கெட்டுப்போன செக்டர்களின் கணக்குகள்) ஏறினால்தான் மாற்று.

மாற்றும்போது பெட்டியில் தெரிகிற சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கழற்றுகிற டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது டிஸ்க் என்று எண்ணிப் பார்த்துப் பிடுங்காதீர்கள். நல்லதைப் பிடுங்கியவர்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். ரீபில்டைத் தொடங்கும் முன் போனால் திரும்ப வராததை மட்டுமாவது ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். மேலே உடைக்க வேண்டாம் என்றேனே, அந்தப் போர்ட்டபிள் டிஸ்க் எஸ்.எம்.ஆராகவே இருந்தாலும் இதற்கு ஜோராக உழைக்கும். பெட்டியை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அது மாறுகிற அந்த ஒரு நொடியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம்.

இன்னொன்று, இது கெஞ்சிக் கேட்பது. கழற்றிய பழைய டிஸ்க்கை ரீபில்ட் முடிந்து, எல்லாம் திறக்கிறதா என்று பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள். நான் கேட்டபோது தம்பி கொஞ்சம் நெளிந்தார். “பையன் அதுல இருக்கற காந்தம் வேணும்னு கேட்டான் அண்ணே, குடுத்துட்டேன்.” போன் போட்டுப் பார்த்தால், ஸ்டார் ஸ்க்ரூ கழற்ற திருப்புளி கிடைக்காததால் பையன் அதை ஸ்கூல் பையிலேயே வைத்திருந்தான். இப்போது அது என் மேஜையில் இருக்கிறது. படிக்க வராத செக்டர்களுக்குப் பதிலாக, அது சாவதற்கு முன் எழுதி வைத்ததிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி வரை 2019 கல்யாணங்கள் வந்துவிட்டன.