விசா ஸ்டிக்கரில் தேதி மட்டும் இல்லை: சுவிட்சர்லாந்து கிளம்புமுன்

மறுபடியும் அதே விவகாரம். விசா ஜூன் 30 வரை செல்லும் என்று பார்த்துவிட்டு, 28ஆம் தேதிக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்ட ஒரு குடும்பம் சூரிக் விமான நிலைய பாஸ்போர்ட் கவுன்ட்டரில் நிற்கிறது. அவர்களுக்குக் கொடுத்தது 11 நாள். அவர்கள் தங்கியது 21 நாள். "விசா இன்னும் முடியலையே சார்" என்று எத்தனை தரம் சொன்னாலும் அங்கே வாதத்துக்கு ஆள் இல்லை. பதிவு செய்வார்கள், அபராதத்துக்கு ஏற்பாடு செய்வார்கள், விமானத்தில் ஏற விட்டுவிடுவார்கள். அடுத்த முறை ஐரோப்பாவில் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். இந்த ரகத்தில் இது எத்தனையாவது குடும்பம் என்று எண்ணுவதை விட்டாயிற்று.

ஆகவே ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது என்று நிதானமாகவே சொல்லிவிடலாம். "ஃப்ரம்", "அன்டில்" என்று இரண்டு தேதிகள் இருக்கும். இவை கதவு திறந்திருக்கும் காலம், அவ்வளவுதான். எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பது தனியே, "டியூரேஷன்" என்ற இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் உங்கள் பயண நாட்களோடு 15 நாள் கூட்டித்தான் "அன்டில்" தேதியைப் போடுவார்கள். விமானம் தள்ளிப்போனால் நீங்கள் தவிக்கக்கூடாது என்பதற்காகக் கொடுக்கும் சலுகை அது. அதைத்தான் நம்மவர்கள் கூடுதல் விடுமுறை என்று எடுத்துக்கொள்கிறார்கள்!

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஜூன் 5 முதல் ஜூன் 30 வரை, டியூரேஷன் 11. நீங்கள் 8ஆம் தேதி இறங்கினால் 18ஆம் தேதிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இறங்கும் நாளும் கணக்கு, கிளம்பும் நாளும் கணக்கு. இரவு 11:50க்குப் பாஸ்போர்ட்டில் பதிவானாலும் அது ஒரு முழு நாள். அதே விசாவில் 25ஆம் தேதி இறங்கினால் பதினோரு நாள் கிடையாது. 30ஆம் தேதி கதவு மூடிவிடும், ஆறு நாள்தான். இன்னொன்று, நாள் எண்ணுவது சூரிக்கில் தொடங்குவதில்லை, முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விமான நிலையத்தில் தொடங்குகிறது. ஃப்ராங்க்பர்ட்டில் மாறிப் போகிறீர்கள் என்றால் ஃப்ராங்க்பர்ட் பாஸ்போர்ட் கவுன்ட்டரிலேயே முதல் நாள் ஆரம்பம். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகப்படத்தோடு நுழைவு வெளியேற்றத்தைக் கணினியில் பதியும் முறையும் தொடங்கிவிட்டது. முத்திரை மங்கலாக விழுந்தது, அதிகாரி கவனிக்கவில்லை என்கிற பழைய அதிர்ஷ்டத்தை இனி நம்ப வேண்டாம்.

அடுத்த மூடநம்பிக்கை: "சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே, அதனால் அங்கே இருக்கும் நாள் ஷெங்கன் கணக்கில் வராது." ஒன்றியத்தில் இல்லை என்பது சரி. யூரோ இல்லை, பிராங்க்தான் என்பதும் சரி. ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. பாரிஸில் கழித்த நாளும் பெர்னில் கழித்த நாளும் ஒரே உண்டியலில்தான் விழும். பக்கத்தில் உள்ள லிக்டன்ஸ்டைனுக்குப் போய்வந்தால் ஒன்றும் ஆகாது, அதுவும் ஷெங்கன். ஆனால் லண்டன் அப்படியில்லை. ஸ்டிக்கரில் என்ட்ரி என்ற இடத்தில் 01, அதாவது ஒரே நுழைவு, என்று இருக்கிறவர்கள் ஜெனீவாவிலிருந்து லண்டன் போய், சூரிக் வழியாக ஊர் திரும்பலாம் என்று திட்டம் போட்டால், லண்டனுக்கு விமானம் ஏறிய நேரத்தோடு அந்த விசா தீர்ந்தது. 02 என்றோ, பலமுறை நுழைய விடும் "மல்ட்" என்றோ இருந்தால் மட்டுமே திரும்ப நுழையலாம்.

எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று வேறு நாட்டு விசா வாங்கி, அங்கே ஒரு இரவு மட்டும் தங்குகிறவர்களுக்குக் குடியேற்றக் கவுன்ட்டரில் ஓட்டல் புக்கிங்கைக் காட்டச் சொன்னால் வியர்க்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக்கு 15 நாள் என்பதெல்லாம் காகிதத்தில் மட்டும். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், தயவுசெய்து.

இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூரிக்கிலோ ஃப்ராங்க்பர்ட்டிலோ விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்காவிட்டாலும் ஏ வகை டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவோ அமெரிக்க, கனடா, ஜப்பான் விசாவோ கையில் இருந்தால் விலக்கு உண்டு. சுவிஸில் இருக்கும் அண்ணனோ சித்தப்பாவோ அழைத்து, அங்கேயே தங்கப் போகிறவர்களிடம், அந்த உறவினர் கையெழுத்திட்ட செலவுப் பொறுப்பு உறுதிமொழியைத் தூதரகம் கேட்கலாம். அதன் உச்சவரம்பு 30,000 பிராங்க். கையெழுத்துப் போடுகிறவருக்கு அது சடங்கு இல்லை, கடன். கேட்கும்போது அதையும் சொல்லிக் கேளுங்கள்.

விசா முடிந்தது, இனி நாடு. 26 கன்டோன்கள் (நம் மாநிலங்கள் போல), நான்கு மொழிகள்: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ். தலைநகரம் சூரிக்கும் இல்லை, ஜெனீவாவும் இல்லை. அரசு நடப்பது பெர்னில். ஒரே ஊர் மொழிக்கு மொழி பெயர் மாறும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெனீவா என்று நாம் சொல்வது அந்த ஊர்க்காரருக்கு ஜெனேவ், ஜெர்மன் பேசுபவருக்கு கென்ஃப். பாசல், பிரெஞ்சில் பால். இது தெரியாமல் சரியான ரயிலை விட்டுவிட்டு பிளாட்பாரத்திலேயே நிற்பவர்கள் நிறைய.

ஆனால் இந்த நாட்டில் நம்மவர்கள் இடறி விழுவது மொழியில் இல்லை. தடுக்க யாரும் இல்லாததால் விழுகிறார்கள். ரயில் நிலையத்தில் கேட் கிடையாது. டிராமில் கண்டக்டர் கிடையாது. மலைப்பாதையில் "போகாதே" என்று விசில் அடிக்கக் காவலர் கிடையாது. அதனால் எல்லாம் இலவசம் போல, எல்லாம் சரி போல ஒரு மயக்கம். (கேட் வைத்த ஒரு இடம் பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் படகுத்துறை. ஒரு கொரியத் தொடரில் வந்ததும் கூட்டம் தாங்காமல், புகைப்படம் எடுக்க உள்ளே போக 5 பிராங்க் என்று சுழல்கதவே வைத்துவிட்டார்கள்.)

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே சுமார் 100 பிராங்க், பெயர் நாடு தழுவிய பதிவேட்டில் ஏறும், அடுத்த தடவை தொகை கூடும். சுற்றுலா வந்தவன், தெரியாது என்ற சமாதானம் எடுபடாது. வேண்டுமென்றே ஏய்க்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. டிக்கெட் வாங்கியும் மாட்டிக்கொள்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மெஷின் திரையிலும் செயலியிலும் ஒரே பயணத்துக்கு இரண்டு விலை வரும். 1/1 என்பது முழுக் கட்டணம். 1/2 என்பது ஹாஃப் ஃபேர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் பலரிடம் அந்த கார்டு இருப்பதால் 1/2 கண்ணில் படும்படி இருக்கும். "அட, பாதி விலைதானா" என்று அதை வாங்கி ஏறினால் அது செல்லாத டிக்கெட். செயலியில் வாங்குகிறவர்கள் ரயில் நகர்வதற்கு முன்பே பணம் செலுத்தி முடித்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டு நிதானமாக வாங்கினால் நேரத்தைப் பார்த்ததும் பரிசோதகர் எழுத ஆரம்பித்துவிடுவார். டிக்கெட்டில் எந்த வழி என்றும் அச்சாகி இருக்கும். லுசேர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்குப் புரூனிக் கணவாய் வழியும் உண்டு, பெர்ன் வழியும் உண்டு. ஒன்றுக்கு வாங்கி மற்றதில் போகக்கூடாது. மலிவு விலை சேவர் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே. தவறவிட்டால் அடுத்ததில் செல்லாது. பெட்டியின் கதவருகே பெரிதாக 1, 2 என்று இருக்கும், முதல் வகுப்புக்கு மேலே மஞ்சள் பட்டை. கூட்டமில்லையே என்று 1இல் உட்காராதீர்கள்.

இன்டர்லாக்கனில் இரண்டு நிலையங்கள், வெஸ்ட் ஒன்று, ஓஸ்ட் ஒன்று. மலைக்குப் போகும் ரயில் ஓஸ்டில். அங்கே ஒரே ரயிலாகக் கிளம்புவது ஸ்வைலூட்ஷினென் நிலையத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லாட்டர்புருன்னென், மறு பாதி கிரிண்டெல்வால்ட். பெட்டிகளை ஒரு கோச்சிலும் குடும்பத்தை இன்னொன்றிலும் ஏற்றிவிட்டு, சாமான் ஒரு பள்ளத்தாக்குக்கும் மனிதர்கள் இன்னொரு பள்ளத்தாக்குக்கும் போய்ச் சேர்வது நடக்கிற காரியம். ஏறும் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

பாஸ் வாங்கினால் எல்லாம் இலவசம் என்பதும் பாதி உண்மை. ஸ்விஸ் டிராவல் பாஸில் ரயில், பஸ், ஏரிப் படகு, ரிகி மலை எல்லாம் அடக்கம். டிட்லிஸ் மலைக்குப் பாதிக் கட்டணம். மலைமேல் ரயில் நிலையமான யூங்ஃப்ரௌயோக்குக்கு கிரிண்டெல்வால்ட், வெங்கென் வரைதான் பாஸ். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலில் பாஸ் செல்லும், இருக்கை முன்பதிவுக்குத் தனிப்பணம். பெர்னினா என்ற மலை ரயில் பாதையில் பெரிய கண்ணாடிப் பெட்டிக்கு முன்பதிவு வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு வேண்டாம், ஜன்னலையும் திறக்கலாம். நான் சாதாரண ரயிலைத்தான் சொல்வேன். 6 முதல் 15 வயதுக் குழந்தைகள் பாஸ் வைத்திருக்கும் பெற்றோரோடு இலவசம், ஆனால் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

பணத்தில் ஒன்றே ஒன்று. கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா பிராங்கிலா" என்று கேட்டால் பிராங்க். எப்போதும் பிராங்க்.

சாப்பாட்டில் சைவர்கள் சீஸ் என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஃபோண்டூவில் வெள்ளை ஒயின் இருக்கும், பெரும்பாலும் கிர்ஷ் என்ற சாராயமும். உருளைக்கிழங்கு ரோஸ்டியில் பன்றித் துண்டு இருக்கலாம். க்ரூயேர் போன்ற பாரம்பரிய சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. கேட்டுச் சாப்பிடுங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். தெருவோரக் குழாய் நீரைத் தாராளமாகக் குடிக்கலாம், குடிநீர் அல்ல என்று பலகை இருந்தால் தவிர. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பையில் நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் வேண்டாம்; ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் தடை. சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலையும் தடைதான். சூரிக், பெர்ன் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. 1980களிலிருந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் உங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

மலை விஷயத்தில் மட்டும் திட்டாமல் கெஞ்சியே கேட்கிறேன். யூங்ஃப்ரௌயோக் 3,454 மீட்டர். ஏறத்தாழ 570 மீட்டரில் இருக்கும் இன்டர்லாக்கனிலிருந்து ரயிலும் கேபிள் காருமாக இரண்டு மணி நேரத்துக்குள் உங்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். உடம்பு பழக அவகாசமே இல்லை. தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் வந்தால் உட்காருங்கள், குறையாவிட்டால் அடுத்த ரயிலில் இறங்குங்கள். காசு கொடுத்தோமே என்று இழுத்துப் பிடிக்காதீர்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ள பெரியவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம். காலையில் மலையுச்சி வெப்கேமைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

நடைபாதைகளில் வெறும் மஞ்சள் பலகை எல்லோருக்கும். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்று குறி இருந்தால் மலைப்பாதை, நல்ல பூட்ஸ் இல்லாமல் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை உங்களுக்கு இல்லை. பலகையில் போட்டிருக்கும் நேரம், சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவருக்கு, ஓய்வு சேர்க்காமல் போட்ட கணக்கு. குழந்தையும் பாட்டியுமாகப் போகிறவர்கள் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கன்றோடு மேயும் மாடு எதிர்ப்பட்டால் செல்ஃபி வேண்டாம், சுற்றிப் போங்கள். ஆம்புலன்ஸ் 144, போலீஸ் 117, மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கு ரேகா என்ற மீட்பு அமைப்பின் 1414. விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீட்டில் மலை மீட்பு அடங்குமா என்று கிளம்புமுன் படித்துப் பாருங்கள், பல மலிவு பாலிசிகளில் அந்த ஒரு வரிதான் இருக்காது.

கேபிள் காரில் ஏறும் இடத்திலேயே கடைசி வண்டி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுதியிருப்பார்கள், அதைப் போனில் படம் எடுத்துவிட்டு ஏறுங்கள். நடைபாதையில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். ஐந்தரைக்குக் கடைசி என்றால் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும்.