மழை வந்தாலே படபடக்கும் நெஞ்சும் அதற்கான சிகிச்சையும்

2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட பேரிடரில் தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் ஆண்டுகள் ஓடினாலும் ஐப்பசி பிறந்ததும் தூக்கம் போய்விடும், எஸ்டேட் லைன் வீட்டுத் தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தாலே நெஞ்சு படபடக்கும், சரிவு நடந்த வளைவைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறவே மாட்டார்கள். இவர்களைப் 'பயந்த சுபாவம்' என்று ஊரில் ஒதுக்குவது பெரிய அநியாயம்.

நடப்பது இதுதான். உயிருக்கு ஆபத்து வந்த அந்த ராத்திரியில் கூரைச் சத்தம், ஈர மண் வாசம், இருட்டு எல்லாவற்றையும் மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. அப்புறம் மழை வரும்போதெல்லாம் அந்த எச்சரிக்கை அடிக்கிறது, அந்த இடத்தைவிட்டு விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது, விலகியதால்தான் பிழைத்தோம் என்று மூளை நம்பிவிடுகிறது. எல்லா மழையும் மலையைச் சரிப்பதில்லை என்று கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அந்த வாய்ப்பைக் கொடுப்பதுதான் சிகிச்சை. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய 'நீடித்த எதிர்கொள்ளல்' (Prolonged Exposure) முறையில் வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. கண்ணை மூடிக்கொண்டு, இப்போதே நடப்பதுபோல அந்த ராத்திரியைச் சொல்ல வேண்டும்: "கரண்ட் போயிடுச்சு, பின் சுவர்ல சத்தம் கேட்குது, பாப்பாவத் தூக்குறேன்..." பதற்றம் எவ்வளவு என்று நடுநடுவே 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்பார்கள். பேசியதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். கூடவே, தவிர்த்துவந்த இடங்களுக்கும் சத்தங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டு, ஓரளவு தாங்கக்கூடியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த விஷயம். இந்தச் சிகிச்சை பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன் பக்கத்திலேயே 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடத்தை எழுதுகிறது. பாவ்லோவின் நாய்களிடமே இது தெரிந்தது: மணியடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு, சாப்பாடு இல்லாமல் மணி மட்டும் அடித்து எச்சில் ஊறுவது நின்ற பிறகும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மணியடித்தால் ஊறியது. மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் எலிகளிடம் செய்த சோதனைகளில், ஒரு கூண்டில் பயம் தெளிந்த எலி, பயம் பழகிய பழைய கூண்டுக்குத் திரும்பியதும் மறுபடி பயந்தது. புதுப் பாடம் அது கற்ற இடத்தோடு அவ்வளவு ஒட்டிக்கொள்கிறது, இடத்தை அடையாளம் காண்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இதை மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கோயம்புத்தூரில் கதவடைத்த அறையில் உட்கார்ந்து தெளிந்த ஒருவர், எஸ்டேட்டுக்குத் திரும்பிய முதல் மழை ராத்திரியில் நடுங்கினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கே கற்ற பாடத்தை இங்கேயும் கற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பயிற்சி வீட்டிலும், பகல் தூறலிலும், ராத்திரி மழையிலும், பஸ்ஸிலும், துணையோடும், அப்புறம் தனியாகவும் நடக்க வேண்டும். எத்தனை விதமான சூழலில் பழகுகிறோமோ அந்த அளவுக்குப் பாடம் நிலைக்கும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரெட் அலர்ட் வந்து முகாமுக்குப் போகச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும், அதற்குப் பெயர் தவிர்ப்பு இல்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அப்படிப்பட்ட மழைக்குப் பயப்படுவதே நியாயம். எந்த மழைக்கு வெளியேறுவது, எந்த மழைக்குப் படுத்துத் தூங்குவது என்பதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

உதவி தேட 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பேசும்போது தூக்கம் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல், எந்த வழியில் போவதில்லை, எந்த அறையில் படுப்பதில்லை, மழைக்காலத்தில் எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய அதுதான் உதவும்.