ஹார்பாஸ்டம்: தமிழில் பறிபந்து

ரோமானியர்களின் பந்தாட்டங்களைப் பற்றிப் படித்தால் ஹார்பாஸ்டம் என்ற பெயர் கண்ணில் படாமல் போகாது. கூடவே ‘அந்தக் காலத்துக் கால்பந்து’ என்று ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் சிக்கல், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் வேலை முழுக்கக் கைக்குத்தான்.

லத்தீனில் புழங்கினாலும் சொல்லுக்குப் பிறந்தகம் கிரேக்கம். ஹார்பாசோ என்றால் பறிக்கிறேன், பிடுங்குகிறேன். அதிலிருந்து ஹார்பாஸ்டோன், பறித்துக்கொண்டு போகப்பட்டது. கிரேக்கப் புராணத்தில் தட்டிலிருக்கும் சோற்றைப் பறித்துக்கொண்டு பறக்கும் ஹார்ப்பிகள் என்ற பெண்முகப் பறவைகளின் பெயரையும் இதே வேரில்தான் சேர்ப்பார்கள். (நம் ஆர்ப்பாட்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள்.)

பந்து சிறியது, உள்ளே திணித்து இறுக்கியது. கி.பி. 200 வாக்கில் எழுதிய கிரேக்க எழுத்தாளர் அதினேயஸ் இதன் பழைய பெயர் ஃபைனிண்டா என்கிறார். தனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஆட்டம் என்று சொல்லிவிட்டு, அதில் கழுத்து படும் பாட்டையும் சொல்கிறார். அவர் எடுத்துக்காட்டும் ஒரு பழைய நாடகப் பகுதியில், ஒருவன் பந்தைப் பிடித்துச் சிரித்தபடியே ஒருவனுக்குக் கொடுக்கிறான், இன்னொருவனுக்குப் போக்குக் காட்டுகிறான், சுற்றிலும் ‘தூரமா, மேலே, கீழே, கிட்டே’ என்று ஒரே கூச்சல். மருத்துவர் காலென் சிறு பந்தாட்டத்துக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதி, வேட்டைக்கு வேண்டிய வலை, குதிரை, நாய் எதுவும் இதற்கு வேண்டாம், ஏழையும் ஆடலாம் என்று மெச்சுகிறார். நடுவில் இருப்பவனைப் பந்தைப் பறிக்கவிடாமல் தடுக்க மல்யுத்தப் பிடியெல்லாம் போடுவார்களாம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பறிபந்து’ என்பது என் தேர்வு. எறிபந்து, உதைபந்து மாதிரி வினைத்தொகை, வேர்ப்பொருளும் அப்படியே இறங்கிவிடுகிறது. ‘கவர்பந்து’ இலக்கணப்படி சரிதான், ஆனால் அதில் அந்த மல்லுக்கட்டு இல்லை.

மற்ற ஆட்டங்களையும் இதோடு குழப்பக்கூடாது. மூன்று பேர் மூன்று மூலையில் நின்று ஆடும் டிரைகோனை முக்கோணப்பந்து எனலாம். ஃபோலிஸ் காற்றடைத்த பெரிய பந்து, லத்தீனில் துருத்திக்கும் அதே பெயர், ஆகவே ஊதுபந்து. கிரேக்கர்களின் எபிஸ்கைரோஸில் நடுவே கல்சில்லால் கோடு கிழித்து, இரண்டு அணியும் பந்தை எறிந்து எறிந்து எதிரணியைப் பின்கோட்டுக்கு அப்பால் தள்ள வேண்டும். அதற்கு ‘கோட்டுப்பந்து’ என்று வைத்துக்கொள்ளலாம், இதைவிட நல்லது சிக்கும்வரை.