ஆறாத காயத்துக்கு நுரைக் கட்டு: தோட்டத் தொழிலாளிக்குள்ள சொக்சோ உரிமையும் பிற உதவிகளும்

செம்பனைத் தோட்டத்தில் மட்டை முள் குத்தியோ, குலை வெட்டும் அரிவாள் பட்டோ, மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியோ ஏற்பட்ட காயம் வாரக்கணக்கில் ஆறாமல் போகும்போது, மருத்துவர் சில வேளைகளில் ‘வேக் டிரெஸ்ஸிங்’ போட வேண்டும் என்று சொல்வார். காயத்துக்குள் நுரைப் பஞ்சை வைத்து, மேலே ஒட்டுப்படலத்தால் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே தேங்கும் நீரைச் சிறிய இயந்திரத்தால் தொடர்ந்து இழுத்தெடுக்கும் சிகிச்சை அது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இதைக் கேட்டதும் எழும் முதல் கேள்வி, இதற்கு யார் பணம் கட்டுவது என்பதுதான்.

வேலையில் ஏற்பட்ட காயமாக இருந்தால் பெர்கேசோ, அதாவது நாம் சொக்சோ என்று சொல்லிப் பழகிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சிகிச்சைக்கு வழி செய்கிறது. வேலைக்குத் தொடர்பில்லாத காயமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் மானியக் கட்டணம் உண்டு. அதற்கு மேலும் செலவு வந்தால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியை நாடலாம். ஒருவர் இவற்றுள் எந்த வழியில் போகிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, காயம்பட்ட அன்றே எழுதப்பட்ட, அல்லது எழுதப்படாமலே போன, ஒரு விபத்து அறிக்கைதான். ஆகவே இந்தக் கட்டுரையில் அந்த அறிக்கைக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

நுரையின் வேலை

இச்சிகிச்சையில் பயன்படும் நுரை, மெத்தைக் கடையில் கிடைக்கும் நுரை அன்று. பரவலாகப் பயன்படும் கறுப்பு நுரை பாலியூரித்தேனால் ஆனது. 400 முதல் 600 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால், உறிஞ்சும் அழுத்தம் காயத்தின் எல்லா மூலைகளுக்கும் ஒரே சீராகப் போய்ச் சேருகிறது. வளைந்து கொடுக்கும் தன்மை உள்ளதால், காயம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் தாதி அதன் வடிவத்துக்கேற்ப நுரையை வெட்டி வைக்க முடியும். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் நுரை சுருங்கிக் காயத்தின் அடிப்பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. காயத்தின் ஓரங்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. வீக்க நீரும் கசிவும் குழாய் வழியாகக் குடுவைக்குப் போகின்றன. புதிய சிவந்த சதை வளர்வதற்கான தூண்டுதலும் கிடைக்கிறது. பொதுவாக வைக்கப்படும் அழுத்தம், காற்றழுத்தத்துக்குக் கீழே 125 மில்லிமீட்டர் பாதரச அளவாகும். வலி அதிகமாக இருந்தாலோ இரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ மருத்துவர் அதைக் குறைப்பார்.

பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன வெள்ளை நுரையும் உண்டு. அது அடர்த்தியானது, ஈரத்தன்மை உள்ளது, சதையோடு அவ்வளவாக ஒட்டாதது. எனவே தோலுக்கடியில் சுரங்கம் போல் போகும் காயங்களுக்கு அதையே தேர்ந்தெடுப்பார்கள். கறுப்பு நுரையின் துளைகளுக்குள் புதுச் சதை வளர்ந்து புகுந்துவிடும் என்பதால், அதை 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். காயத்தில் கிருமித்தொற்று இருந்தால் இன்னும் விரைவாக மாற்றுவார்கள். வாரத்துக்கு மூன்று முறை என்ற இந்தக் கணக்குதான் தோட்டத்தில் வாழ்பவருக்குப் பெரிய சுமை. நிபுணரைப் பார்க்க ஈப்போவிலுள்ள ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், சுங்கை சிப்புட்டிலிருந்து போக மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆகிறது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் தூரம் தனி. எனவே சிகிச்சை தொடங்கும் நாளிலேயே, இடைப்பட்ட கட்டு மாற்றங்களை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதார நிலையத்திலோ செய்துகொள்ள முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் அதற்கான கடிதத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லாக் காயத்துக்கும் இந்தக் கட்டு பொருந்தாது. இறந்த கறுத்த தோல் மூடியிருக்கும் காயம், புற்றுநோய் உள்ள காயம், எலும்புக்குள் தொற்று பரவி இன்னும் சிகிச்சை பெறாத நிலை, இரத்தக் குழாயோ நரம்போ உள்ளுறுப்போ வெளியே தெரியும் காயம் ஆகியவற்றின் மேல் நுரையை நேரடியாக வைக்கக் கூடாது. இறந்த சதையை முதலில் வெட்டி அகற்ற வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர், மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் அதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். இச்சிகிச்சையின்போது கடும் இரத்தப்போக்கால் மரணம் நேர்ந்த நிகழ்வுகளைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இலும் 2011இலும் எச்சரிக்கை வெளியிட்டது.

முதல் 48 மணி நேரம்

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது ‘ஆக்ட் 4’ எனப்படும் சட்டம், ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளிக்கும் பொருந்தும். தோட்ட நிருவாகமாக இருந்தாலும், குலை வெட்ட ஆள் பிடித்துத் தரும் குத்தகைக்காரராக இருந்தாலும், தொழிலாளியைப் பதிவு செய்து சந்தா கட்ட வேண்டியது அவர் கடமை. இச்சட்டத்தின் வேலைவிபத்துத் திட்டம், வேலை செய்யும்போது நேரும் விபத்தை மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும், வேலையால் வரும் நோயையும் உள்ளடக்குகிறது. 60 வயதைத் தாண்டியும் வேலை செய்பவருக்கு இயலாமைத் திட்டம், அதாவது வேலைக்குத் தொடர்பில்லாத நோயாலோ காயத்தாலோ உழைக்க இயலாமல் போனவருக்கான திட்டம், பொருந்தாது. ஆனால் வேலைவிபத்துப் பாதுகாப்பு தொடர்கிறது, அதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுகிறார். தோட்டத்தில் வயது மூத்தவர் பலர் இன்னும் வேலைக்குப் போவதால், “எனக்குத்தான் வயதாகிவிட்டதே, சொக்சோ ஏது” என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் சட்டப்படி வேலைக்கு வந்தவர்களாக இருந்தால் இத்திட்டத்துக்குள் வருகிறார்கள்.

விபத்து தம் கவனத்துக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைப் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். கை முறிந்தால் எல்லாரும் அறிக்கை எழுதுவார்கள். முள் குத்தினால் யாரும் எழுதுவதில்லை. குத்தியவரே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். பத்து நாள் கழித்துக் கால் வீங்கிச் சீழ் பிடித்து, அறுவைச் சிகிச்சை செய்து, நுரைக் கட்டுப் போடும் நிலை வரும்போது, அந்தக் காயம் வேலையில் பட்டது என்பதற்குத் தாளில் ஒரு வரிகூட இருக்காது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவராக இருந்தால், “இது இனிப்பு நீரால் வந்த புண்தானே” என்ற கேள்வியும் எழும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் இனிப்பு நீர் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்வி எத்தனை குடும்பங்களைத் தொடக்கூடியது என்பது விளங்கும். இனிப்பு நீர் இருப்பது காயம் ஆறாததற்குக் காரணமாகலாம். காயம் வேலையில் ஏற்பட்டது என்ற உண்மையை அது அழித்துவிடாது. அந்த உண்மை எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே சிறு காயமாக இருந்தாலும் அன்றே வேலையை மேற்பார்வை செய்யும் மண்டோரிடமும் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடமும் சொல்லி, நாள், நேரம், எந்தப் பகுதியில் வேலை செய்தபோது, எதனால், உடன் இருந்தவர் யார் என்பவற்றை எழுதச் செய்ய வேண்டும். கிளினிக்கில் மருத்துவர் எப்படிக் காயம் பட்டது என்று கேட்கும்போது, “சும்மா முள் குத்திவிட்டது” என்று சொல்லாமல், “இன்று காலை வேலையில் மட்டை தூக்கும்போது முள் குத்தியது” என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் அட்டையில் எழுதும் அந்த முதல் வரி பின்னால் பெரிய சான்றாக நிற்கும். குத்தகைக்காரர் பதிவு செய்யவில்லை என்றோ அறிக்கை அனுப்ப மறுக்கிறார் என்றோ தெரிந்தால், தொழிலாளியோ குடும்பத்தாரோ நேராகப் பெர்கேசோ அலுவலகத்துக்குப் போய் முறையிடலாம்.

கிடைப்பவை

வேலைவிபத்து என்று ஏற்கப்பட்டவருக்குப் பெர்கேசோவின் பட்டியலிலுள்ள பேனல் கிளினிக்கிலும் அரசு மருத்துவமனையிலும் முழுமையாகக் குணமாகும் வரை இலவச மருத்துவம் உண்டு. நுரைக் கட்டு என்பது தனியாக விண்ணப்பித்துப் பெறும் பொருள் அன்று. மருத்துவர் தேவை என்று முடிவு செய்யும் சிகிச்சையின் ஒரு பகுதி. எனவே மருத்துவமனையில் சேரும்போதே பதிவு முகப்பில் இது பெர்கேசோ வழக்கு என்று சொல்லி, அறிக்கையின் நகலைக் காட்ட வேண்டும். ஏதாவது பொருளைச் சொந்தப் பணத்தில் வாங்கும்படி கேட்கப்பட்டால், வாங்குவதற்கு முன்பே பெர்கேசோ அலுவலகத்தில் விசாரிப்பதும், மருத்துவரின் கடிதத்தையும் அசல் ரசீதையும் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குத் தற்காலிக ஊனப் பயன் கிடைக்கும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாத எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இருந்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு வழங்கப்படும். நாளொன்றுக்குக் குறைந்தது 30 ரிங்கிட். எடைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மாதச் சம்பளம் ஏறியிறங்கும் என்பதால், முந்திய ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைப்பது கணக்கைச் சரிபார்க்க உதவும். நுரைக் கட்டுச் சிகிச்சை வாரக்கணக்கில் நீளக்கூடியது. எம்சி நடுவில் ஒருநாள்கூட விட்டுப்போகாமல் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே நாள்களில் கூலிக்கு வேலை செய்தால் அந்த நாள்களுக்குப் பயன் கிடைக்காது. விரலையோ காலையோ இழக்க நேர்ந்தால் நிரந்தர ஊனப் பயன், செயற்கை உறுப்பு, மலாக்காவிலுள்ள துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி ஆகியவையும் இதே திட்டத்தில் அடங்கும்.

வேலையோடு தொடர்பில்லாத புண் உள்ள குடிமகனுக்கு, அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட். ஆனால் இயந்திர வாடகையோ நுரைப் பெட்டியோ வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், உடனே கடன் வாங்கப் போகாமல், அதே மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகப்பணிப் பிரிவைக் கேட்டுச் செல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பம் அந்தப் பிரிவின் வழியாகத்தான் போகிறது. நிபுணரின் பரிந்துரையும் குடும்ப வருமான விவரமும் தேவைப்படும். பொருளை வாங்கிவிட்டுப் பிறகு ரசீதைக் கொண்டுபோகலாம் என்று நம்பியிருக்கக் கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நுரையை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து: காயத்துக்குள் வைக்கும் பொருள் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். வேலையில் இருப்பவருக்கு, 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, சாதாரண மருத்துவ விடுப்பு நீங்கலாக மருத்துவமனையில் தங்கும் விடுப்பு ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கட்டு சரியாக இயங்கும்போது நுரை உலர்ந்த திராட்சை போலச் சுருங்கி இறுகியிருக்கும். அது மெத்தென்று உப்பியிருந்தாலோ, ஒட்டுப்படலத்தின் ஓரத்தில் சீறும் ஒலி கேட்டாலோ, காற்று கசிகிறது என்று பொருள். மின்சாரம் போய் மின்கலமும் தீர்ந்து, இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், நுரையைக் காயத்துக்குள் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மருத்துவமனைக்குச் சொல்லி, அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போடச் செய்ய வேண்டும். குழாயில் புது இரத்தம் ஓடினால் இயந்திரத்தை நிறுத்தி, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 999க்கு அழைக்க வேண்டும். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் எத்தனை துண்டு நுரை உள்ளே வைக்கப்பட்டது என்பதைத் தாதி கட்டின் மேலேயே எழுதிவைப்பார். அந்த எண்ணிக்கையைக் குடும்பத்தில் ஒருவர் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை வேறொரு கிளினிக்கில் கட்டு மாற்றும்போது சொன்னால், ஒரு துண்டு உள்ளேயே தங்கிப் புண்ணாவதைத் தடுக்கலாம்.