ஜாமீன் யாருக்கு, சுமை யாருக்கு?

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் பேசும் வீடுகளுக்குக் கரண்ட் பில் போடுவது கேரள மாநில மின்வாரியமான கே.எஸ்.இ.பி. வெளி மாநிலங்களிலிருந்து அது வாங்கும் மின்சாரம் வந்து சேர, பொதுத்துறை நிறுவனமான பவர்கிரிட்டின் கம்பிகள் வேண்டும். 2021-ல் திறக்கப்பட்ட, 2,000 மெகாவாட் கடத்தும் புகளூர்–திருச்சூர் நேர்மின் பாதையும் பவர்கிரிட்டுடையதுதான்.

மின்பாதை போட நிறையப் பணம் வேண்டும். 2009-ல் உலக வங்கி பவர்கிரிட்டுக்கு 100 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. கடன் வாங்குவது அரசாக இல்லாவிட்டால், அந்த நாட்டு அரசோ மத்திய வங்கியோ அசலுக்கும் வட்டிக்கும் முழு ஜாமீன் நிற்க வேண்டும் என்பது உலக வங்கியின் சாசன விதி. அதனால் நிறுவனத்தோடு ஒரு கடன் ஒப்பந்தம், இந்திய அரசோடு ஓர் உத்தரவாத ஒப்பந்தம் என இரண்டு கையெழுத்தாகும். ஜாமீன் நிற்பதற்காக அந்த நிறுவனத்திடம் அரசு கட்டணமும் வாங்கும். மாநில அரசு நேரடியாக இப்படி வெளிநாட்டில் கடன் வாங்க முடியாது. அரசியல் சாசனத்தின் 293-வது பிரிவு மாநிலங்கள் கடன் வாங்க இந்தியாவுக்குள் மட்டுமே இடம் தருகிறது.

சரி, இந்த ஜாமீன் எதைக் காக்கிறது? தவணை தவறினால் கடன் கொடுத்தவருக்குப் பணம் வந்துவிடும், அவ்வளவுதான். ரூபாய் சரிந்தால் கடன் வாங்கியவருக்கு அது உதவாது. பேச்சில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பவர்கிரிட்டுக்குக் கடன் ஒதுக்கப்பட்டபோது ஒரு டாலர் சுமார் 48 ரூபாய். 10 லட்சம் டாலர் தவணை என்றால் 4.8 கோடி. 2022 இறுதியில் டாலர் 82 ரூபாயைத் தாண்டியபோது அதே தவணைக்கு 8.2 கோடிக்கு மேல் தேவை. வட்டி ஒரு பைசா கூட ஏறவில்லை, தவணையும் தவறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உத்தரவாதப் பத்திரத்தைத் தொடவே வேண்டியதில்லை, ஆனால் ரூபாயில் சுமை கூடிவிட்டது.

அந்தக் கூடுதலைக் கட்டுவது யார்? மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள், அந்நியச் செலாவணி மாற்றத்தால் வரும் செலவை மின்பாதையைப் பயன்படுத்துவோரிடம் வசூலிக்க வழி செய்கின்றன. கே.எஸ்.இ.பி. போன்ற வாரியங்கள் அதைக் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்துகின்றன. அப்புறம் அது வாரியத்தின் செலவுக் கணக்கில் ஏறி, மாநில ஆணையம் நிர்ணயிக்கும் யூனிட் விலைக்குள் போய்விடுகிறது. பில்லில் அது தனியாகக் காட்டப்படுவதில்லை.